மடியத் தெரிந்த மாவு

மெக்சிகோ நகரத்தின் சான் ரஃபயேல் பகுதியில் எல் கலீஃபா தெ லெயோன் என்றொரு டாக்கோ கடை இருக்கிறது. 1968-இல் தொடங்கியது. கடை என்பதைவிட ஒரு சிறிய அடுக்களை என்றே சொல்லலாம். நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். பட்டியலில் இருப்பவை நான்கே வகை. 2024 மே மாதம் மிஷெலின் வழிகாட்டி முதன்முதலாக மெக்சிகோவுக்கு வந்தபோது, மேசைவிரிப்பும் மதுக் கோப்பைகளுமாக இருக்கும் பெரிய உணவகங்களோடு சேர்த்து இந்தக் கடைக்கும் ஒரு நட்சத்திரம் கொடுத்தது. இங்கே பேர்போனது கவோனேரா. மெல்லிசாகச் சீவிய மாட்டிறைச்சி ஒரு துண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு, அப்போதே தட்டிச் சுட்ட மக்காச்சோள டோர்ட்டியா. சல்சா வேண்டுமென்றால் நாமே விட்டுக்கொள்ளலாம். வேறொன்றும் கிடையாது.

இத்தனை குறைந்த பொருளில் ஒரு பண்டம் நின்று பேர் வாங்குகிறது என்றால் அதைத் தாங்கிப் பிடிப்பது எது என்று கேட்கத் தோன்றும். இறைச்சி நல்லதாக இருக்க வேண்டும், சரி. ஆனால் நல்ல இறைச்சி உலகமெங்கும் கிடைக்கிறது. அந்தக் கடையில் தட்டுக்கு வந்து சேரும் டோர்ட்டியா மற்ற இடங்களில் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. சுருட்டித் தின்னும் எதையும் நாம் உள்ளே இருப்பதன் பேரைச் சொல்லித்தான் கேட்கிறோம்: சிக்கன் ராப், பனீர் ராப், முட்டை ராப். சமைப்பவர்களும் பாதி நாளை உள்ளடக்கத்துக்கே செலவழித்துவிட்டு, மேலே சுற்றுவதைக் கடைசி நேரத்தில் பாக்கெட்டிலிருந்து உருவுகிறார்கள். என் கட்சி இதற்கு எதிரானது. என்ன வைக்கலாம், எவ்வளவு வைக்கலாம், எப்படி மடிக்கலாம், எப்போது பரிமாறலாம் என்ற நான்கு கேள்விக்கும் விடை அந்த மெல்லிய வட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

வட்டங்கள் இரண்டு வகை. ஒன்று மக்காச்சோளத்தில் செய்வது, மெக்சிகோவின் நடுப்பகுதிக்கும் தென்பகுதிக்கும் உரியது, ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை கொண்டது. மற்றொன்று கோதுமையில் செய்வது, ஸ்பானியர் வந்த பிறகு வடக்கே பிறந்தது. இரண்டுக்கும் ஒரே பேர்; ஆனால் ஒன்றுக்குத் தெரிந்த வேலை மற்றதற்குத் தெரியாது.

மக்காச்சோளத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் வித்தை முழுவதும் அதில்தான் இருக்கிறது. காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே அரைத்து மாவாக்கித் தண்ணீர் விட்டுப் பிசைந்து பாருங்கள். ஒட்டாது. விளிம்பெல்லாம் வெடிக்கும், கல்லில் போட்டு எடுத்தாலும் மடித்த இடத்தில் இரண்டாகும். கோதுமையில் இருப்பது போல மாவை இழுத்துப் பிடிக்கும் புரதம் அதில் இல்லை. பஞ்சாபில் மக்கி ரொட்டியைக் கனமாகத் தட்டுவதும், அதைச் சுருட்டாமல் பிட்டுத் தின்பதும் இதனால்தான். அப்படியானால் அதே தானியத்திலிருந்து துணிபோல மடியும் ஒன்றை மெக்சிகோவில் எப்படிச் செய்தார்கள்?

சுண்ணாம்பைக் கொண்டு செய்தார்கள். காய்ந்த மணிகளைத் தண்ணீரில் போட்டு, மணியின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் நீற்றின சுண்ணாம்பைக் கலந்து, மெதுவாகக் கொதிக்கவிட்டு, தோல் கழலத் தொடங்கியதும் இறக்கி, அந்த நீரிலேயே இரவு முழுக்க ஊறவைப்பார்கள். வெற்றிலையில் தடவும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். காலையில் நீர் மஞ்சளாகிக் குழகுழவென்று இருக்கும். அதைக் கொட்டி, மணிகளைத் தேய்த்துக் கழுவினால் கண்ணாடித் தாள் போன்ற மேல்தோல் கையோடு வந்துவிடும். இந்த மணிக்கு நிஷ்டமால் என்று பேர். இதை அரைத்தால் கிடைக்கும் ஈர மாவு மாசா. மாசாவை உருட்டி அழுத்தினால் விளிம்பு வெடிக்காமல் வட்டமாகப் பரவும்.

உள்ளே நடந்தது இதுதான். மணியின் தோலும் உயிரணுச் சுவர்களும் ஒருவகை நார்ப்பொருளால் ஆனவை. காரம் அதைக் கரைத்துப் பிசின்போல ஆக்கிவிடுகிறது. சூட்டில் மாவுச்சத்தின் ஒரு பகுதி வெந்து பசையாகிறது. சுண்ணாம்பிலிருந்து வந்த கால்சியம் இவற்றோடு சேர்ந்து பிணைப்பை இறுக்குகிறது. கோதுமைப் புரதம் செய்யும் வேலையை இங்கே பிசினும் பசையும் பங்கிட்டுக்கொள்கின்றன. வேகவைத்த சோளத்துக்கு இல்லாத ஒரு தனி மணமும் இதில் பிறக்கிறது. நல்ல டாக்கோ கடையை நெருங்கும்போது இறைச்சி வாசனைக்கு அடியில் தெரிவது அந்த மணம்.

தெற்குக் குவாத்தமாலாவின் கடற்கரையில் கி.மு. 1500 முதல் 1200 வரையிலான காலத்தைச் சேர்ந்த, சுண்ணாம்பில் சோளம் வேகவைக்கும் பாண்டங்கள் கிடைத்திருக்கின்றன. முதலில் யாருக்கு, எதற்காக இது தோன்றியது என்பதற்குப் பதிவில்லை. தோலை எளிதில் உரிக்க வேண்டும் என்பதே நோக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. மக்காச்சோளத்தில் நயாசின் என்னும் உயிர்ச்சத்து இருக்கிறது. ஆனால் அது நம் குடலால் பிரித்தெடுக்க முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது.

இதன் மதிப்பு கடல் கடந்த பிறகுதான் தெரிந்தது. கொலம்பஸுக்குப் பின் ஸ்பானியர் மக்காச்சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்பு வித்தை கூடவே போகவில்லை. இயந்திரத்தில் அரைக்கத் தெரிந்தவர்களுக்கு அது தேவையற்ற வேலையாகத் தோன்றியிருக்கும். பாலில்லாத, இறைச்சியில்லாத ஏழைகள் மூன்று வேளையும் சோளக் கூழையே தின்ற இடங்களில் ஒரு புதிய நோய் வந்தது. 1735-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அதை விவரித்தார். பின்னர் வட இத்தாலியில் அது பெருகி, பெலாக்ரா என்று பேர் பெற்றது. வெயில் படும் இடத்தில் தோல் கறுத்து உரியும், வயிற்றுப்போக்கு நிற்காது, கடைசியில் புத்தி பேதலிக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தித் தொழிலாளர்களையும் அநாதை இல்லக் குழந்தைகளையும் அது வாட்டியது. கிருமிதான் காரணம் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். 1914-இல் அரசு சுகாதாரப் பணியிலிருந்து அனுப்பப்பட்ட ஜோசஃப் கோல்ட்பெர்கர் உணவே காரணம் என்று காட்டினார். அவரை நம்பாதவர்களும் இருந்தார்கள். குறைவது நயாசின் என்பது 1937-இல் கான்ராட் எல்வியெமின் ஆய்வில்தான் உறுதியானது. கோல்ட்பெர்கர் 1929-லேயே இறந்துவிட்டார். இந்த இருநூறு ஆண்டும் மெக்சிகோவின் கிராமத்துப் பெண்கள் வழக்கம்போல இரவில் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அரைப்பதுதான் அவர்களின் பெரும் பாடு. மெட்டாட்டே என்பது எரிமலைக் கல்லில் செய்த, மூன்று குட்டைக் கால்கள் கொண்ட, நம் அம்மி போன்ற ஒரு கருவி. அதன் முன்னால் மண்டியிட்டு, குழவியை முன்னும் பின்னும் தள்ளி, ஒரு குடும்பத்துக்கு வேண்டிய மாசாவை அரைக்க நாளின் பல மணி நேரம் போகும். மாசா மறுநாளுக்கு நிற்காது, புளித்துவிடும். ஆகவே இந்த வேலைக்கு விடுமுறை கிடையாது. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் அரவை மில் ஊர் ஊராக வந்தபோது பெண்களின் வாழ்க்கையில் அது உண்டாக்கிய மாற்றம் சாதாரணமானதல்ல. 1949-இல் வடக்கு மெக்சிகோவின் செர்ரால்வோவில் ஒரு தந்தையும் மகனும் நிஷ்டமாலைக் காயவைத்து மாவாக்கி விற்கத் தொடங்கினார்கள். மசேக்கா என்ற பேரில் இன்று உலகெங்கும் கிடைப்பது அதுதான். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மாசா தயார். சுவையில் புது மாசாவுக்கு ஒரு படி கீழே என்பதை ருசி பழகிய எந்த நாக்கும் சொல்லிவிடும். ஆனால் மெட்டாட்டேயின் முன்னால் ஒருநாளும் மண்டியிடாதவர்கள் இந்த மாவைப் பழிப்பது எனக்கு உவப்பாக இல்லை.

மெக்சிகோவில் டோர்ட்டியாவின் விலை அரசியலும்கூட. 2007 ஜனவரியில் சோள விலை ஏறி டோர்ட்டியா விலை எகிறியபோது, 31-ஆம் தேதி பல்லாயிரம் பேர் தலைநகரில் ஊர்வலம் போனார்கள். பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத குடியரசுத் தலைவர் கால்தெரோன் அதற்குள்ளாகவே கிலோவுக்கு எட்டரை பேசோ என்று ஆலைகளோடு பேசி வரம்பு கட்டியிருந்தார். கூட்டம் அதற்கும் அடங்கவில்லை.

இனிச் சுடுவது. முப்பது கிராம் உருண்டை ஒன்றை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, கீல் போட்ட அழுத்துபலகையில் ஒருமுறை அழுத்தினால் உள்ளங்கை அகல வட்டம் வரும். கல்லுக்கு கோமால் என்று பேர். எண்ணெய் கிடையாது, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். முதல் பக்கம் பதினைந்து இருபது விநாடி, விளிம்பு கல்லை விட்டு எழும்பும்வரை மட்டும். திருப்பிப் போட்டு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக. மறுபடியும் திருப்பினால், எல்லாம் சரியாக இருந்தால், நடுவில் உப்பும். முதலிரண்டு சூட்டில் இரு பக்கமும் மெல்லிய தோலாக இறுகிவிடுகின்றன. உள்ளே மிஞ்சிய ஈரம் ஆவியாகி, போக வழியில்லாமல் இரண்டையும் பிரிக்கிறது. உப்பவில்லை என்றால் மாவில் தண்ணீர் போதவில்லை, அல்லது கல் காயவில்லை. உப்பிய டோர்ட்டியா உள்ளே முழுக்க வெந்திருக்கும், மடித்தால் வெடிக்காது.

சுட்டதை அப்படியே தட்டில் போட்டால் வேலை கெட்டது. துணி விரித்த கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடிவைக்க வேண்டும். பத்து நிமிடம் தன் ஆவியிலேயே புழுங்கிய பிறகுதான் டோர்ட்டியா முழுமையாகிறது. எல்லாச் சமையல் குறிப்பிலும் ஒரு வரியில் சொல்லி, எல்லாரும் தாண்டிப் போகும் படி இது. நம் வீட்டு ஹாட்பாக்ஸ் இதற்குப் பொருத்தம். அடியில் ஒரு துணி போட்டால் ஆவி நீராகித் தேங்காது.

ஆறிப்போனால் ஏன் விறைக்கிறது? வெந்து இளகிய மாவுச்சத்து, சூடு தணியத் தணிய மறுபடி வரிசை கட்டி இறுகுகிறது. மறுபடி கல்லில் காட்டினால் அந்த இறுக்கம் தளர்ந்து மென்மை திரும்பும், ஆனால் சற்று நேரத்துக்குத்தான். ஒருமுறை சூடேற்றி ஆறவிட்டதை மறுமுறை மீட்பது கடினம். மெக்சிகோவில் அதை மீட்க முயல்வதும் இல்லை. துண்டாக்கிப் பொரித்தால் தொத்தோப்போ. பொரித்ததைச் சல்சாவில் புரட்டினால் காலையுணவுக்குச் சிலாக்கிலே. கீற்றாக்கிப் போட்டால் சூப். பழைய டோர்ட்டியாவுக்கு அங்கே குப்பைத்தொட்டி காட்டுவதில்லை.

மக்காச்சோள வட்டத்தின் குணம் இப்போது தெளிவாகிறது. சிறியது, சூடாக இருக்கும்போது மட்டும் மடிவது, இழுத்தால் நீளாதது. ஆகவே அதில் செய்யும் டாக்கோ திறந்தே இருக்கும். மூட முயன்றால் கிழியும். இரண்டு மூன்று கரண்டிதான் கொள்ளும். கையில் எடுத்த நான்கைந்து வாயில் தீர்ந்துவிட வேண்டும். தெருக்கடையில் ஒரு டாக்கோவுக்கு இரண்டு டோர்ட்டியா அடுக்கிக் கொடுப்பார்கள். சாறு ஊறி உள்ளது கிழிந்தாலும் வெளியது தாங்கும். சிந்தியதைக் கூட்டி இரண்டாவதில் வைத்தால் இன்னொரு குட்டி டாக்கோ. தாராளம் என்று நினைத்தால் தாராளம், பொறியியல் என்றால் பொறியியல்.

உள்ளே வைப்பதிலும் இதே சட்டம். சோள டோர்ட்டியாவில் உப்பு போடுவதில்லை. ஆகவே இறைச்சியோ பீன்ஸோ தனியாகத் தின்றால் சற்றுக் கரிக்கும் அளவுக்கு உப்பும் காரமும் ஏற வேண்டும். துண்டுகள் பொடியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கடியில் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் வருவது அழகுக்காக அல்ல. கொழுப்பையும் மாவையும் வெட்டிவிட அவை தேவை. தலைநகரின் அடையாளமான டாக்கோ அல் பாஸ்தோர் இந்தச் சட்டங்களை எல்லாம் நிறைவேற்றுகிறது. லெபனானிலிருந்து குடியேறியவர்கள் புவெப்லா நகரத்தில் ஷவர்மாவைச் சுழலவிட்டார்கள். ஆட்டிறைச்சி பன்றியிறைச்சியானது, மசாலாவுக்குப் பதில் காய்ந்த மிளகாயும் அச்சியோத்தே விதையின் சிவப்பும் வந்தன, ரொட்டிக்குப் பதில் சோள டோர்ட்டியா. சுழலும் கம்பியின் உச்சியில் ஓர் அன்னாசி. கத்தியால் சீவினால் தாள்போல் மெல்லிய துண்டுகள்தான் விழும், அதுவே டாக்கோவுக்கு வேண்டியது.

விதியை மீறி வென்ற ஒன்றையும் சொல்ல வேண்டும். டாக்கோ தெ கனாஸ்தா, அதாவது கூடை டாக்கோ. உருளைக்கிழங்கோ மசித்த பீன்ஸோ வைத்து மடித்தவற்றைத் துணியும் பிளாஸ்டிக்கும் விரித்த கூடையில் நெருக்கி அடுக்கி, மிளகாய் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை மேலே ஊற்றி மூடிவிடுவார்கள். மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு ஊருக்குள் போய் விற்பதற்குள் அவை கூடைக்குள்ளேயே வியர்த்து, எண்ணெய் குடித்து, வழவழவென்று ஆகிவிடும். த்லாஸ்கலா மாநிலத்தில் சான் விசென்தே ஷிலோஷோசித்லா என்ற ஊரே இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. மற்ற டாக்கோவில் நொதநொதப்பு குற்றம். இங்கே அதுதான் சரக்கு. இதற்கு நேர் எதிர், ‘ப’ வடிவில் மொறுமொறுவென்று பொரித்த ஓடு. நியூயார்க்கில் உணவகம் நடத்திய ஹுவென்சியோ மால்தொனாதோ அப்படிப் பொரிக்கும் கருவிக்கு 1950-இல் காப்புரிமை வாங்கினார். 1962-இல் கலிஃபோர்னியாவில் கிளென் பெல் தொடங்கிய டாக்கோ பெல் அதை உலகமெங்கும் பரப்பியது. முதல் கடியிலேயே பிளந்து உள்ளதெல்லாம் மடியில் கொட்டும் ஒன்றைச் சுருள் என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி வடக்கு. சொனோரா மாநிலம் வறண்ட நிலம், மாடு மேயும் நிலம். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஏசு சபைப் பாதிரியார் எவுசேபியோ கினோ போன்றவர்கள் அங்கே மிஷன்களை நிறுவிக் கோதுமையைப் பரப்பினார்கள். சோளம் வளரத் தயங்கிய இடத்தில் கோதுமை வந்தது. மாட்டோடும் பன்றியோடும் கொழுப்பு வந்தது. இவற்றிலிருந்து பிறந்தது மாவு டோர்ட்டியா. சொனோராவில் இதை இழுத்து இழுத்து, ஒரு கையிலிருந்து மறு கைக்கு வீசி, முழங்கைவரை படரும் அகலத்துக்கு மெல்லிசாக்குவார்கள். சோபாக்கேரா என்று பேர். பின்னால் இருப்பது தெரியும் அளவு மெல்லியது. கவிழ்த்த கல்லில் சில விநாடியில் வெந்துவிடும். கோதுமைப் புரதத்தின் இழுவை இல்லாமல் இது நடக்காது.

சொனோராவுக்கும் நம் சாப்பாட்டு மேசைக்கும் ஒரு தொடர்பு உண்டு. வேளாண் அறிவியலாளர் நார்மன் போர்லாக் குட்டைக் கோதுமை ரகங்களை வளர்த்தெடுத்தது அந்த மாநிலத்தின் யாக்கி பள்ளத்தாக்கில், சியுதாத் ஒப்ரெகோன் நகருக்கு அருகில். 1966-இல் இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை இறக்குமதி செய்தது. அதில் ஒரு ரகத்தின் பேரே சொனோரா 64. விளைச்சல் கொட்டியது, ஆனால் மணி சிவப்பு. வெளுத்த சப்பாத்திக்குப் பழகிய சந்தை முகம் சுளித்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனும் அவரது குழுவினரும் கதிரியக்கத்தால் அதன் நிறத்தை மாற்றி, ஷர்பதி சொனோரா என்ற பொன்னிற ரகத்தை 1967-இல் வெளியிட்டார்கள்.

வீட்டில் மாவு டோர்ட்டியா செய்ய வேண்டியவை குறைவு. 250 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாக உப்பு, 45 கிராம் கொழுப்பு. அங்கே பன்றிக் கொழுப்பு. இங்கே வெண்ணெயோ எண்ணெயோ போதும், நெய்யும் தகும். கொழுப்பை முதலில் காய்ந்த மாவோடு விரலால் தேய்த்துக் கலந்துவிட வேண்டும். பிறகு கை பொறுக்கும் சூட்டில் 130 மில்லி அளவுக்குத் தண்ணீர். ஐந்து நிமிடம் பிசைந்து, எட்டு உருண்டையாக்கி, மூடி அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். இந்த அரைமணியைத் திருடினால் தேய்க்கத் தேய்க்க மாவு சுருண்டு பின்வாங்கும். கொழுப்பு, புரத இழைகள் நீளமாகப் பின்னாமல் நடுவே புகுந்து நிற்கிறது. அதனால்தான் ஆறிய பிறகும் மாவு டோர்ட்டியா மடிகிறது, சோளத்தது விறைக்கிறது. எட்டங்குல வட்டமாகத் தேய்த்து, காய்ந்த கல்லில் எண்ணெயில்லாமல் பக்கத்துக்கு அரை நிமிடம். பழுப்புப் புள்ளி விழுந்தால் போதும். கூடுதலாக விட்டால் அப்பளமாகும். அடுக்கி மூடுவது இங்கேயும் உண்டு.

கோதுமை மாவில் செய்யக் கூடாதா என்று கேட்பார்கள். செய்யலாம். தவிட்டுத் துகள் புரத இழையை அங்கங்கே அறுப்பதால் பெரிய வட்டமாக இழுத்து இறுக்கிச் சுருட்டும்போது ஓட்டை விழும். பாதிக்குப் பாதி கலந்தால் தப்பிக்கலாம். மக்காச்சோளத்தது வேண்டுமென்றால் கடை மக்காச்சோள மாவு உதவாது. நிஷ்டமால் மாவு என்று கேட்டு வாங்குங்கள். இல்லையேல் காய்ந்த மணி அரைக் கிலோவுக்கு ஐந்து கிராம், உண்ணத் தகுந்த சுண்ணாம்பு. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு கூடவே கூடாது. அலுமினியப் பாத்திரமும் ஆகாது, காரம் அதை அரிக்கும். ஊறிய மணியை மிக்ஸியில் சிறிது சிறிதாக, தண்ணீர் தெளித்து மட்டும் அரைக்க வேண்டும். மாவு தளர்ந்தால் தட்ட வராது.

மாவு டோர்ட்டியா நீளும், ஆறினாலும் மடியும், உதிராது. ஆகவே அது பயணத்துக்கு ஏற்றது. 1985 நவம்பரில் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் போன மெக்சிகோவின் முதல் விண்வெளி வீரர் ரொதோல்ஃபோ நேரி வேலா தன் உணவில் டோர்ட்டியா வேண்டும் என்று கேட்டு வாங்கினார். எடையற்ற வெளியில் ரொட்டித் தூள் மிதந்து கருவிக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போகும். டோர்ட்டியாவில் அந்தத் தொல்லை இல்லை. அதன் பிறகு மற்ற வீரர்களும் அதையே கேட்கத் தொடங்கி, நாசாவின் சமையற்கட்டில் அது நிலைத்துவிட்டது.

தரையில் இதே குணத்தால் வந்தது புரிட்டோ. மெக்சிகோ வழக்குச் சொற்களுக்கு 1895-இல் ஃபெலிக்ஸ் ராமோஸ் இ துவார்த்தே தொகுத்த அகராதியிலேயே அந்தப் பண்டம் இருக்கிறது: உள்ளே இறைச்சியோ வேறெதுவோ வைத்துச் சுருட்டிய டோர்ட்டியா என்று. அதற்குப் பின் வந்த மெக்சிகோப் புரட்சியின் காலத்தில் சியுதாத் ஹுவாரெஸ் நகரில் ஹுவான் மெந்தெஸ் என்பவர் கழுதைமேல் கொண்டுவந்து விற்றதால் இந்தப் பேர் வந்தது என்ற கதை பிற்காலத்தது, அகராதியே அதைப் பொய்யாக்குகிறது. வடக்கு மெக்சிகோவின் புரிட்டோ மெலிந்தது: ஒரே ஒரு கறி, அல்லது பீன்ஸும் பாலாடைக்கட்டியும். உலகம் அறிந்த குண்டு புரிட்டோ சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் 1960களில் உருவானது. 1961-இல் நாங்கள்தான் விற்றோம் என்கிறது எல் ஃபாரோ என்ற கடை. 1969-இல் நாங்கள் என்கிறது லா கும்ப்ரே. சோறு, பீன்ஸ், இறைச்சி, சல்சா எல்லாம் ஒரே சுருளுக்குள், வெளியே அலுமினியத் தாள். சோற்றை வெறும் நிரப்பு என்று பலர் இகழ்கிறார்கள். சாற்றை உறிஞ்சி டோர்ட்டியா கிழியாமல் காப்பது அதுதான். அத்தனையையும் சுற்ற டோர்ட்டியா இளகியிருக்க வேண்டும் என்பதால் அதை முதலில் ஆவியில் காட்டுகிறார்கள். அலுமினியத் தாளைக் கடிக்கக் கடிக்கத்தான் உரிக்க வேண்டும். மொத்தமாக உருவிப்போட்டால் சுருளின் வடிவம் போய்விடும்.

மடிப்பில் தவறு நேர்வது பெரும்பாலும் அளவால். எட்டங்குல டோர்ட்டியாவுக்கு நான்கைந்து மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். டோர்ட்டியாவைச் சூடாக்கி, நடுவுக்குச் சற்றுக் கீழே, உங்களை நோக்கிய பக்கமாக, நீளவாக்கில் உள்ளடக்கத்தை வைத்து, ஓரங்களில் இரண்டு விரல் அகலம் விடுங்கள். இடது வலது ஓரங்களை உள்ளே மடித்து, கீழ் ஓரத்தை மேலே கொண்டுவந்து, விரல்களால் உள்ளடக்கத்தை உங்கள் பக்கம் இழுத்து இறுக்கிய பிறகு உருட்டுங்கள். இறுக்காமல் உருட்டினால் காற்று நிற்கும், காற்று நின்ற இடத்தில் சாறு நிற்கும். வாய் கீழே இருக்கும்படி கல்லில் அரை நிமிடம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். குழம்பாக ஓடும் எதையும் உள்ளே வைக்காதீர்கள். சுக்காவாக வற்றியது நிற்கும். ஈரமான சல்சாவையும் அவகாடோ மசியலையும் நடுவில், மாவைத் தொடாதபடி வையுங்கள். சூடான கறியையும் குளிர்ந்த கோசு இலையையும் நெருக்கி வைத்துக் காத்திருந்தால் இலை வதங்கி நீர் விடும். ஆகவே இலை கடைசியில், சுருட்டும் கணத்தில்.

பரிமாறுவதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. விருந்துக்கு முன்கூட்டியே இருபது சுருட்டி, குறுக்கே வெட்டி, பல் குச்சி குத்தித் தட்டில் அடுக்குவது பார்க்க நன்றாக இருக்கும், தின்ன நன்றாக இராது. கட்டுச்சோறாக எடுத்துப்போக வேண்டும் என்றால் மட்டும் மாவு டோர்ட்டியாவில் சுருட்டுங்கள். அப்போதும் கறியும் சோறும் முழுக்க ஆறிய பிறகு சுருட்டிக் குளிரில் வைத்து, தின்னும் முன் நன்றாகச் சூடாக்க வேண்டும். வெந்த சோற்றை வெதுவெதுப்பில் நெடுநேரம் விட்டுவைப்பது வயிற்றுக்கு ஆபத்து. வீட்டில் என்றால் மெக்சிகோ வீடுகளின் வழக்கமே சிறந்தது. துணி போர்த்திய கூடையில் டோர்ட்டியா நடுவில் இருக்கும். சுற்றிலும் கறி, பீன்ஸ், இரண்டு வகைச் சல்சா, நறுக்கிய வெங்காயம், எலுமிச்சைத் துண்டு. அவரவர் எடுத்து, அவரவர் வைத்து, அவரவர் மடிப்பார்கள். கத்தி, முள்கரண்டி மேசைக்கு வராது. கறியை முந்தின நாளே செய்துவைக்கலாம், சல்சாவைக் காலையில் அரைக்கலாம், உருண்டைகளைப் பிடித்து மூடிவைக்கலாம். கல்லை மட்டும் விருந்தினர் வந்து கை கழுவிய பிறகு அடுப்பில் ஏற்றுங்கள்.